குழாய் மெலிவது புரோப் வைக்காத இடத்தில்தான்

ஆலைக் குழாய்களின் சுவர்த் தடிமன் அளக்கப் போகிறவர்கள் பலர் கை எட்டும் நேரான பகுதியில் புரோப் (அளவுக் கருவியின் தொடுமுனை) வைத்துவிட்டு வருகிறார்கள். அறிக்கையில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். ஓட்டை வேறு இடத்தில் விழும்.

என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இன்சுலேஷன் மூடிய கார்பன் ஸ்டீல் லைன். −12 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை ஓடும் லைன்களில் இன்சுலேஷனுக்குள் புகுந்த ஈரம் தங்கி அரிக்கும். அடிக்கடி சூடாகி ஆறும் லைன் இன்னும் மோசம். தகர உறையின் மடிப்பு மேலே பார்த்திருக்கிறதா, சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் நுழைந்த வழி அதுதான், ஆனால் அரிப்பு அங்கேயே இருக்க வேண்டியதில்லை. நீர் இறங்கிப்போய்த் தேங்கும் இடத்தில், அதாவது செங்குத்து லைன் கீழே திரும்பும் எல்போ வளைவில், உறையைப் பிரியுங்கள். தடித்த துருப்பொருக்கு இருந்தால், லைன் அழுத்தத்தில் இருக்கும்போது சுத்தியலால் தட்டாதீர்கள். சில இடங்களில் கசிவை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பொருக்குதான்.

அடுத்தது சப்போர்ட். குழாய் பீமில் உட்காரும் அடிப்பக்க இடுக்கில் நீர் நிற்கும். அங்கே புரோப் நுழையாது. மீதமுள்ள தடிமன் தெரியாமல் ஓடும் லைனைத் தூக்கிப் பார்ப்பதும் ஆபத்து. வடிகால் கிளை, மூடிய முனை போன்ற ஓட்டமில்லாத பகுதிகளையும் விடாதீர்கள்.

ஒலியலையை அனுப்பி அது திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் சொல்லும் அல்ட்ராசோனிக் கேஜை அதே உலோகத்தாலான படிக்கட்டையில் (தெரிந்த தடிமன்கள் படிப்படியாக மாறும் துண்டு), எதிர்பார்க்கும் தடிமனுக்குக் கீழும் மேலும் இரண்டு படிகளில் சரிபாருங்கள். பெயின்ட்டில் ஒலி மெதுவாகப் போகும், 1 மி.மீ. பெயின்ட், 2 மி.மீ.க்கும் மேல் இரும்பாகக் கணக்கில் ஏறும். அடுத்தடுத்த இரண்டு எதிரொலிகளின் இடைவெளியை அளக்கும் எக்கோ-எக்கோ முறையில் அந்தக் கோளாறு வராது. சூடான குழாயில் ஒவ்வொரு 55 டிகிரிக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மிக மெலிந்த சுவரில் இரண்டாவது எதிரொலியைப் பிடித்து இரட்டிப்பாகவும் காட்டக்கூடும். குழி விழுந்த இடத்தில் புரோப்பை மெல்ல நகர்த்தி, சராசரியை விட்டுவிட்டு மிகக் குறைந்த அளவை எழுதுங்கள்.

6 ஆண்டுகளுக்கு முன் 8.2 மி.மீ., இன்று 7.0 என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 0.2 மி.மீ. குறைந்தபட்சத் தேவை 5.0 என்றால் மீதி ஆயுள் 10 ஆண்டு. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குழாய்ப் பரிசோதனை நெறியான ஏ.பி.ஐ. 570 விதிப்படி அதில் பாதிக்குள், அதாவது 5 ஆண்டுக்குள், மறுபடி அளக்க வேண்டும். இன்றைய அளவு பழையதைவிடக் கூடுதலாக வந்தால் தேய்மானம் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். அளந்த புள்ளி மாறியிருக்கும், அல்லது இரண்டில் ஒரு அளவு தவறு. அங்கேயே நின்று மறுபடி அளந்துவிடுங்கள்.