'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்டும் யாரும் எடுக்காத அளவு நாடாவும்

இன்னும் எரிச்சல் தீரவில்லை. பரிசோதனை ரிப்போர்ட்டில் என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் எண்) 23.8, பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 'நார்மல்'. அந்த எண்ணே தப்பு. ஷூவைக் கழற்றச் சொல்லாமலே எடை பார்த்து 72 கிலோ என்று குறித்தார்கள். உயரத்தை அளக்கவே இல்லை. பழைய ஃபைலில் யாரோ எழுதிவைத்திருந்த 174 செ.மீ.யைப் பார்த்துத் தட்டிவிட்டார்கள். "ஒரு தடவை அளந்துடலாமே" என்று கேட்டேன். "அதெல்லாம் மாறாது சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். மாறாதுதான், முதலில் எழுதியவர் சரியாக எழுதியிருந்தால்!

வேறொரு டாக்டரிடம் போனேன். அங்கே வெறுங்காலோடு சுவரில் சாய்த்து அளந்தார்கள்: 170 செ.மீ., 71 கிலோ. கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 24.6. உயரம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் நாலு செ.மீ. பிழையே ஒரு புள்ளிக்கு மேல் குறைத்துக் காட்டிவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் உயரத்தை முதலில் பாருங்கள்.

24.6 கூடப் பொதுவான அட்டவணைப்படி நார்மல்தான்; அதில் 25க்கு மேல் போனால் அதிக எடை, 30க்கு மேல் உடல்பருமன். ஆனால் ஆசியர்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் கொழுப்பு கூடுதலாக, அதிலும் வயிற்றைச் சுற்றிச் சேர்வதால் 23லிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே சொல்லிவிட்டது. பச்சை எழுத்தில் அச்சடித்த மென்பொருளுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

அப்புறம் டாக்டர் நாடாவை எடுத்தார். முதல் இடத்தில் யாருமே செய்யாத வேலை. வயிற்றின் சுற்றளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அது வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. எனக்கு 96 செ.மீ. வந்தது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தான் எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இன்னும் சுலபமான கணக்கு. அப்படிப் பார்த்தாலும் நான் 85க்குள் இருந்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குப் போனது வேறு கதை. போனில் பதிவு செய்தபோது வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனதால் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையே இல்லை. "அதையாவது எடுங்க" என்றால், "பேக்கேஜைப் பிரிக்க முடியாது". பதிவு செய்யும்போதே எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று நீங்களாகக் கேட்டுவிடுங்கள்.

ஒருவழியாக ரிசல்ட் வந்தது: ஹெச்பிஏ1சி 6.0. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 'நார்மல்' காகிதத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. இருபது கிலோ குறைக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். டாக்டர் கேட்டது எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ. அதுவே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் காட்டுமாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பேக்கேஜ் வேண்டாம், ஹெச்பிஏ1சி மட்டும் போதும் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.