சுடா மாக்கான்?

சிங்கப்பூர் வந்த புதுசுல வாடகைக்கு ரூம் தேடி போன் பண்ணா, "இந்தியரா? சமைப்பீங்களா?"ன்னுதான் கேப்பாங்க, ஆமான்னு சொன்னா அதோட முடிஞ்சுது. அந்த வலி ரொம்ப நாள் இருந்துச்சு. அப்புறம் பிஆர் (நிரந்தரவாசம்) கிடைச்சு, மூணு வருஷம் காத்திருந்து, ஈசூன்ல ஒரு எச்டிபி (அரசு கட்டின அடுக்குமாடி) ரீசேல் வீட்ட ஆசை ஆசையா பாத்துட்டு வந்தா, ஏஜென்ட் செக் பண்ணிட்டு "இந்த பிளாக்ல இந்தியர் கோட்டா ஃபுல், வாங்க முடியாது"ங்கறாரு. ஒரு பிளாக்லயும் பேட்டைலயும் ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை சதவீத வீடுதான்னு இங்க ஒரு அரசு விதி இருக்கு. என் மனைவி அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

1964ல இங்க சீனருக்கும் மலாய்க்காரங்களுக்கும் நடுவுல பெரிய கலவரம் நடந்திருக்கு. 80கள்ல சில குடியிருப்புப் பேட்டைகள்ல ஒரே இனத்தவங்க மறுபடி ஒண்ணா சேர ஆரம்பிச்சதும், 1989ல இந்த விதிய கொண்டு வந்தாங்க. இந்தியரும் மத்தவங்களும் சேர்ந்து ஒரு பிளாக்ல 15 சதவீதம், பேட்டைக்கு 12 சதவீதம், அதான் இப்போ உச்சவரம்பு. இதுல சிறுபான்மைக்குதான் அடி அதிகம். என் நண்பனோட பிளாக்ல சீனர் கோட்டா நிறைஞ்சிருந்ததால சீனர் யாரும் அவன் வீட்ட வாங்க முடியல, கடைசில விலைய குறைச்சுதான் வித்தான். அந்த நஷ்டத்த அவன் மட்டும் சுமக்கறது நியாயமே இல்லன்னு இப்பவும் சொல்வேன்.

ஆனா அதே விதியாலதான், அப்புறம் உட்லண்ட்ஸ்ல கிடைச்ச எங்க வீட்டுக்கு ஒரு பக்கம் சீனப் பாட்டி, இன்னொரு பக்கம் மலாய் மக்சிக் (மலாய்ல வயசான பெண்கள மரியாதையா கூப்பிடறது). ரெண்டு வருஷம் லிஃப்ட்ல வெறும் தலையாட்டல்தான். 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்கு எல்லாத்தையும் மூடினப்போ பாட்டியோட பிள்ளைங்க வந்து பாக்க முடியல, பாட்டிக்கு ஹொக்கியன்ங்கற சீன வட்டார மொழியும் கடைத்தெருல பேசற சந்தை மலாயும்தான் தெரியும், எங்களுக்கு ரெண்டும் தெரியாது. மக்சிக்தான் நடுவுல நின்னு பாட்டிக்கு என்ன வேணும்னு கேட்டு எங்ககிட்ட இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, நான் அரிசி முட்டை வாங்கிட்டு வந்து கதவுல மாட்டிடுவேன். அதுக்கப்புறம் காரிடார்ல பாத்தா பாட்டி தினம் "சுடா மாக்கான்?"னு கேப்பாங்க. சாப்டாச்சான்னு அர்த்தம்னு மக்சிக் சொன்னதும் என் மனைவிக்கு கண்ணு கலங்கிடுச்சு, எங்க ஊர்லயும் திண்ணைல உக்காந்திருக்கவங்க போறவங்க வரவங்கள இதத்தான கேப்பாங்க.

போன வருஷம் பாட்டி இறந்துட்டாங்க. பிளாக்குக்கு கீழ திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்ல, அதுக்கு முந்தின மாசம் மக்சிக் மக கல்யாணம் நடந்த அதே இடத்துல, பாட்டிய வச்சிருந்தாங்க. நாங்களும் மக்சிக்கும் சேர்ந்தே போனோம். கிளம்பறப்போ பாட்டியோட மகன் அவங்க வழக்கப்படி சிவப்பு நூலும் மிட்டாயும் குடுத்தாரு. அந்த நூல என் பொண்ணு இன்னும் பென்சில் பாக்ஸ்ல வச்சிருக்கா.