டீசி, பென் நம்பர், ஒரு ‘ஜெனரல்’ கட்டம்

மகள் சங்கரன்கோவில் பக்கத்தில் ஆச்சி வீட்டில் வளர்ந்தவள். ரெண்டாம் வகுப்பு வரை ஊரில் அரசுப் பள்ளி. ஆச்சிக்கு முடியாமல் போனதும், போன மே மாதம் தாராவிக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூன்றாம் வகுப்பை எங்கே சேர்ப்பது?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. எங்கள் கோலியிலிருந்து (ஒற்றை அறை வீட்டிலிருந்து) நடக்கிற தூரத்திலேயே ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காதான் கிளப்பிவிட்டார்: “முனிசிபால்டி ஸ்கூல்ல என்னத்த படிப்பு? கடன வாங்கியாவது இங்கிலீஷ்ல போடு தம்பி.” நான் கூரியர் ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் எண் தட்டுகிறவன். படிப்பு எப்படி என்று எண்ணை வைத்தே பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கத்தில் ஒரு யூடைஸ் எண் உண்டு. முதல் ரெண்டு இலக்கம் மாநிலம்: மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. அந்த எண் தெரிந்தால் பள்ளியின் அறிக்கையைப் போனிலேயே பார்க்கலாம். பார்த்தேன். ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்தது இந்திப் பள்ளியின் கணக்கு! மாநகராட்சியின் ஒரே கட்டடத்தில் ரெண்டு மூன்று மொழிப் பள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண். பயிற்று மொழி என்ன என்று முதலில் பாருங்கள், நான் அதைப் பார்க்காமல் விட்டேன்.

சரியான பக்கத்தைத் திறந்தால், நான் தேடிப் போன மதிப்பெண் எதுவும் அதில் இல்லை. இருந்ததெல்லாம் ஆட்கணக்கு: வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சமூகப் பிரிவு, ஆசிரியர் எத்தனை, கழிப்பறை எத்தனை. நாலாம் வகுப்பைவிட ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் அதிகம். இதற்கு விளக்கம் எனக்கு எந்த அதிகாரியும் சொல்ல வேண்டியதில்லை. வரிசை வீடுகள் கொண்ட எங்கள் சாலிலேயே நாலு வீட்டில் பையன் இங்கிலீஷ் மீடியம், பெண் முனிசிபால்டி. ஃபீஸ் கட்ட ஒருவருக்குத்தான் காசு இருக்கும், அந்த ஒருவர் யார் என்பதில் எந்த வீட்டிலும் சண்டை வருவதில்லை.

என்னை உறுத்தியது சமூகப் பிரிவுக் கட்டம்தான். பாதிக்கு மேல் ‘பொது’. தாராவித் தமிழர்களைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்த குடும்பங்கள் எந்தக் காலத்தில் பொதுப் பிரிவானது?

விடை, மகளைச் சேர்க்கப் போன பள்ளி ஆபீஸில் கடைசியாகத்தான் கிடைத்தது. அங்கிருந்த கிளார்க் முதலில் டீசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற மாநிலத்து டீசி, ஊர்க் கல்வி அதிகாரி கையெழுத்து வேணும், வாங்கிட்டு வாங்க” என்றார். ஊருக்குப் போய்வர நாலு நாள் சம்பளம் போகும். நானும் விடவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவை மொபைலில் காட்டினேன்: டீசி வரத் தாமதம் என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்க முடியாது. டீசியே வராத பிள்ளையை நிறுத்தக் கூடாது என்றால், கையில் டீசியோடு வந்தவளை ஒரு கையெழுத்துக்காக நிறுத்தலாமா? அவர் முகம் சுண்டியது. நல்லவேளை தலைமையாசிரியை உள்ளேயிருந்து வந்தார். “பிள்ளை நாளையிலிருந்து வந்து உக்காரட்டும். காகிதத்தை நாம பாத்துக்குவோம்” என்று முடித்துவிட்டார்.

காகிதம் முடிய பதினாறு நாள் ஆனது. பிள்ளைகளுக்கு இப்போது பென் நம்பர் என்று ஆளுக்கொரு அடையாள எண் இருக்கிறது, நாடு முழுக்க நிரந்தரம். ஊர்ப் பள்ளியில் பெயரை விடுவித்தால்தான் இங்கே இழுத்துக்கொள்ள முடியும். அதுவரை பிள்ளை கணினியில் ‘டிராப் பாக்ஸ்’ என்ற இடத்தில் கிடப்பாள். ஊர் டீச்சருக்கு மூன்று முறை போன் போட்ட பிறகு விடுவித்தார். டீசி வாங்கும்போதே, “பென் நம்பரை ரிலீஸ் பண்ணியாச்சா டீச்சர்?” என்று கேட்டுவிடுங்கள்.

அந்தப் பதினாறு நாளில்தான் படிப்பையும் பார்த்தேன். வகுப்பாசிரியை மகளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, போனில் நேரம் வைத்தார். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிஷத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் இலக்காம். தமிழில் இவள் கடகடவென்று ஓடினாள். கடன் வாங்கிக் கழிப்பதில் தடுக்கி விழுந்தாள். மராத்தி சுத்தமாகத் தெரியாது. 2020இல் வந்த சட்டப்படி இங்கே எந்த மீடியத்திலும் மராத்தி கட்டாயம். அந்த அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் தனிப் பக்கம் வைத்திருந்தார், யார் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று பென்சிலில் குறித்து. நான் போனில் தேடிய மதிப்பெண் அந்த நோட்டில்தான் இருந்தது.

கடைசி நாள் கணினியில் விவரம் ஏற்றும்போது, “ஜாதி தாக்லா இருக்கா?” என்று கணினியில் இருந்த மேடம் கேட்டார். தாக்லா என்றால் சான்றிதழ். பட்டியல் சாதிச் சான்றிதழை மகாராஷ்டிரத்தில் வாங்க, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். எங்கள் தாத்தா வந்தது 1958இல். ஊர்ச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது, இங்கே சலுகைக்கு ஆகாது. ஆனால் கணக்குக்கு? “இத வச்சுப் போட முடியாதா மேடம்?” என்று கேட்டேன். “இந்த ஊரு தாக்லா இல்லாதவங்கள இங்க ஜெனரல்னுதான் போடுறோம்ணா” என்றார். அந்தப் பாதிக்கு மேல் ‘பொது’ எப்படி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தட்டினார். எங்கள் பிள்ளையும் அதில் ஒன்று.

வெளியே வந்தால் மகள் புது ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், மழையே இல்லை. மாநகராட்சி இலவசமாகத் தரும் 27 பொருளில் அது ஒன்று. மராத்தியில் பள்ளிக்கு ‘ஷாளா’. மேல்மாடி இந்திப் பிள்ளைகளுக்கு அந்த ‘ள’ வராது, ‘ஷாலா’ என்பார்களாம். “எனக்கு வந்துச்சுப்பா. டீச்சர் எல்லார் முன்னாடியும் என்னையத்தான் சொல்லச் சொன்னாங்க” என்றாள். வீடு வரைக்கும் ஷாளா, ஷாளா என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.