பிறந்த நேரம் காலை 4 மணி 30 நிமிடம்

நேற்று ராத்திரிதான் ஸ்காட்லாந்திலிருந்து வீடு திரும்பினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருடைய கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டோம்! டண்டீ நகரத்து லாக்கீ பகுதி, 1872 மார்ச் 14, காலை 4 மணி 30 நிமிடம்.

ஆமாம், மணியும் நிமிடமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசாங்கமே பதிவு செய்கிறது. பிறப்பு என்றால் தேதியோடு நேரத்தையும் எழுதிவிடுவார்கள். பக்கத்து இங்கிலாந்தில் ஒரே பிரசவத்தில் ஒன்றுக்கு மேல் பிறந்தால்தான் நேரம் குறிப்பது வழக்கம். மில் கூலிக்காரர் வீட்டுக் குழந்தை பிறந்த நிமிடம் 150 வருடம் கழித்தும் கிடைக்கிறது என்பதில் எனக்கு உண்டான சந்தோஷத்தைப் பிறந்த நேரத்தை டைரியில் குறித்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

சரி, போன கதை. மான்செஸ்டரிலிருந்து ரயில் டிக்கெட் இரண்டு பேருக்கு எங்கள் பட்ஜெட்டில் அடங்கவில்லை. அதனால் இரவு பஸ். அதைப் போல ஒரு பயணம் எதிரிக்கும் வேண்டாம். ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரைவரிடம் சொன்னால், "கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். பின்னாலிருந்து கழிப்பறை நாற்றம். மாமியாருக்கு 76 வயது. என் சால்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நடுங்கினார். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

எடின்பரோவில் வேவர்லி ஸ்டேஷனுக்கு எதிரே, வெலிங்டன் பிரபு குதிரையில் இருக்கும் சிலைக்குப் பின்னால் நிற்பதுதான் ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ். ராபர்ட் ஆடம் வடிவமைத்தது. 1774இல் கட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே, அரசாங்கத்தின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் மையத்தில் ஒரு நாளைக்கு ஓர் இருக்கைக்கு 15 பவுண்டு. அன்றைக்கு எத்தனை பதிவு வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம். வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்தால் படம் ஒன்றுக்கு ஒன்றரை பவுண்டு. ஒரே பெயரில் பத்து பேர் இருக்கும் ஊரில் அதுவா இதுவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே நாங்கள் முன்பு நாற்பது பவுண்டு இழந்திருந்தோம். நேரில் போவதுதான் லாபம்.

எங்கள் கையில் இருந்தது ஒரே தகவல்: மாமியாரின் அம்மாவைப் பெற்ற பாட்டி 1897இல் டண்டீயில் பிறந்தவர். அது போதும்! ஏனென்றால் ஸ்காட்லாந்துப் பதிவுகளில் பெண்ணின் பெயர் கல்யாணத்தோடு காணாமல் போவதில்லை. பிள்ளையின் பிறப்புப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறது. பெற்றோருக்கு எங்கே, எந்தத் தேதியில் கல்யாணம் நடந்தது என்றும் இருக்கிறது. அந்தக் கல்யாணப் பதிவை எடுத்தால் பெண், மாப்பிள்ளை இருவருடைய அப்பா அம்மா பெயரும் வருகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறிப் போகிற மாதிரிதான். மதியத்துக்குள் 1872க்கு வந்துவிட்டோம்.

அப்புறம் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இரண்டே அறை, எட்டுப் பேர். ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று ஒரு கேள்வியே இருக்கிறது, அதனால்தான் தெரிகிறது. அப்பா கூலி, அக்காமார் இருவரும் சணல் மில்லில் நூற்பு வேலை. நம் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நேராகப் 'பள்ளி மாணவி' என்று எழுதியிருக்கிறது. (நீங்கள் தேடும்போது 1841 கணக்கெடுப்பை மட்டும் வைத்து வயது பார்க்காதீர்கள். 15க்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் அதில் 30.)

இனி நான் சொல்லவந்த விஷயம். 1872 பதிவில் தகவல் கொடுத்தது அம்மா, அதாவது மாமியாரின் எள்ளுப்பாட்டி. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டு மாதிரி. ஒரு கோடு நேராக இருக்கிறது. இன்னொன்று பாதியில் மை திட்டாகி, கீழே சறுக்கிக்கொண்டு போகிறது. பேனா பிடித்துப் பழகாத கை. பக்கத்தில், இது அவர் இட்ட குறிதான் என்று பதிவாளரின் சாட்சி. 1897 பதிவை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் தகவல் கொடுத்தது அந்த 1872 குழந்தை. முழுப் பெயரையும் சாய்வான எழுத்தில் தானே எழுதியிருக்கிறார். 5 முதல் 13 வயதுவரை பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் வந்தது அவர் பிறந்த அதே 1872இல்தான்! மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தக் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பசி. கல்லன் ஸ்கிங்க் என்ற சூப் வாங்கினோம். புகை போட்ட ஹேடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். மீனும் பாலும் சேரக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. தயங்கித்தான் ஸ்பூனை எடுத்தேன். அடடா! புகை வாசம், பாலின் இனிப்பு, குழையாத மீன் துண்டு, மேலே மிளகு. கிண்ணத்தைப் பிரெட்டால் வழித்துச் சாப்பிட்டேன். அந்தக் குளிருக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை.

மறுநாள் ரயிலில் டண்டீ. டே ஆற்றுப் பாலத்தில் போகும்போது, 1879 டிசம்பர் 28 புயலில் ரயிலோடு விழுந்த பழைய பாலத்தின் அடித்தூண்கள் தண்ணீரில் வரிசையாகத் தெரிகின்றன. ஸ்டேஷனிலிருந்து லாக்கீக்கு டாக்சி பிடித்ததுதான் தப்பு. இரண்டு மைலுக்கு ஆற்றங்கரையெல்லாம் சுற்றி 22 பவுண்டு! ஊர் தெரியாதவர்கள் என்றால் இப்படியா? திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். இருவருக்கும் சேர்த்து அதில் பாதிகூட ஆகவில்லை.

அவர்கள் இருந்த தெருவில் அந்த வீடு இல்லை, இடித்துவிட்டார்கள். கேம்பர்டவுன் சணல் மில்லின் புகைபோக்கி மட்டும் 282 அடி உயரத்துக்கு நிற்கிறது. வெர்டண்ட் வொர்க்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய சணல் எந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒன்றே அந்தச் சத்தம் போட்டால் நூற்றுக்கணக்கில் ஓடிய கூடத்தில் என்ன ஆகும்? காது கேட்காமல் போய்க் கைச்சாடையில் பேசிய பெண்கள் அவர்கள். சணல் வங்காளத்திலிருந்து வந்தது. அதை இளக்கியது திமிங்கில எண்ணெய்.

இதற்கு மேல் போகமுடியவில்லை. எள்ளுப்பாட்டி பிறந்த இடம் என்று கணக்கெடுப்பில் இருப்பது 'அயர்லாந்து' மட்டும்தான். அங்கே 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் போய்விட்டது. இனி சர்ச் பதிவேடுகளில்தான் தேடவேண்டும். அதற்குப் பணம் சேர்க்கவேண்டும்.

ராத்திரி மதுரைக்குப் போன் போட்டு அம்மாவிடம் அந்தப் பிறந்த நேரத்தைச் சொன்னேன். என்ன கிழமை என்று கேட்டாள். தேடிப் பார்த்து வியாழன் என்றேன். "நாலரை மணி என்றால் விடியவே இல்லையே. அப்போ நம் கணக்கில் புதன்தான்டி. எழுதிக்கோ" என்றாள். மாமியாரின் நோட்டில் இப்போது இரண்டு கிழமையும் இருக்கின்றன.