எட்டு மாதம் கழித்து தெரபி சென்டரை மாற்றிய கதை

ஐசா (ஆட்டிசத்தின் அளவைப் பார்க்கும் இந்திய அளவுகோல்) மதிப்பீட்டில் நாற்பது கேள்விகளும் முடிந்தபோது மகனுக்கு 112 வந்தது, மிதமான ஆட்டிசம் என்றார்கள். அப்போது அவனுக்கு நாலு வயது. பயத்தில் எதையும் விசாரிக்காமல் அடுத்த திங்கட்கிழமையே ஒரு சென்டரில் சேர்த்துவிட்டோம். ஏபிஏ தெரபி (சொன்னபடி செய்தால் பரிசு கொடுத்து நடத்தையைப் பழக்கும் முறை), வாரம் இருபது மணி நேரம், பெற்றோர் வெளியே வராந்தாவில்தான் உட்கார வேண்டும்.

பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேண்டியதை விரலால் காட்டப் பழகியது அங்கேதான். 'தண்ணி' என்றுகூடச் சொன்னான், ஆனால் ஜெம்ஸ் பாக்கெட்டைப் பார்த்தால் மட்டும். வீட்டில் தாகம் எடுத்தால் வாயே திறக்க மாட்டான்.

குக்கர் விசில் என்றால் அவனுக்கு உயிர். கை இரண்டையும் உதறிக்கொண்டு குதிப்பான். ஒருநாள் விசில் வந்தது, பையன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

சென்டரில் கேட்டால், "கை உதறினால் ஸ்கூல்ல வித்தியாசமாத் தெரிவான்மா, அமெரிக்காவில் இந்த முறையில் பாதிப் பிள்ளைகள் சரியாகிவிட்டார்கள்" என்றார் அங்கே பொறுப்பாக இருந்தவர். அன்று ராத்திரி தேடிப் படித்தேன். அது லோவாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு: வாரம் நாற்பது மணி நேரம் தெரபி எடுத்த 19 குழந்தைகளில் 9 பேர். யாருக்கு இந்தத் தெரபி என்று குலுக்கல் முறையில் பிரித்ததும் இல்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சில சமயம் தொடையில் அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். இன்று அடிப்பதில்லை என்கிறார்கள், சரி, ஆனால் என் பிள்ளை கையை ஒளித்துக்கொள்கிறானே.

அப்புறம் மூன்று விஷயம் கேட்டேன். என்னென்ன இலக்கு என்று எழுதித் தாருங்கள், ஒரு செஷனில் நான் உள்ளே உட்கார வேண்டும், இவனைப் பார்ப்பவரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன. முதலாவதற்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் வந்தது, யார் பெயரை வேண்டுமானாலும் மேலே போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதற்கு முடியாது என்றார்கள். மூன்றாவதைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாளும் பார்த்தது பயிற்சிக்கு வந்த பெண் என்று தெரிந்தது. (அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை, சொன்னதைச் செய்தாள்.)

புது இடத்தில் முதல் நாளே, "அழுதால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "நிறுத்திவிட்டு ஏன் அழுகிறான் என்று பார்ப்போம்" என்றார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஒருநாள் ஸ்பீச் தெரபி, படஅட்டைகளோடு. நானும் உள்ளேதான் இருக்கிறேன். தாகம் எடுத்தால் தம்ளர் படத்தை எடுத்து வந்து என் மடியில் போடுகிறான், ராத்திரி இரண்டு மணிக்குக்கூட.

சென்டரை மாற்றியதில் அவசரப்பட்டுவிட்டோமோ என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய இடத்தில் கட்டிய மூன்று மாத அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, கேட்பதையும் விட்டுவிட்டேன்.