சீனி கடிக்கத் தொடங்கிய பிறகு

யூன் 4

இன்றும் என் முசல் சீனி பாய்ந்தாள். புல் வைக்கக் கையை விட்டதும் ஒரு உறுமல், அதோடு முன்னங்கால் இரண்டாலும் அடி. பெருவிரல் பக்கம் கீறிவிட்டது. வெசாக் லீவில்கூட இந்தக் கைக்குள்தான் தலையை வைத்துக்கொண்டு கண் சொருகிக் கிடந்தாள்.

யூன் 5

வேலை மாற்றக் கடிதம் வரவில்லை.

யூன் 7

"அது கெட்டுப்போச்சு புள்ள, இனிச் சரிவராது, ஆருக்காவது குடுத்துடு" என்று அம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு. ஆருக்காவது என்றால் ஆருக்கு என்று எனக்குத் தெரியும். பின்வளவுக்காரர் படலையில் நின்று எத்தனை கிலோ வரும் என்று கேட்டவர். கொடுக்க மாட்டேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம்.

யூன் 8

நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சீனிக்கு நாலு மாதம் தாண்டிவிட்டது. முசல்கள் நாலு ஐந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சிறிய இனம் என்றால் அதற்கும் முன்னமே. அப்போதிருந்து கூடு அவளுடைய வீடு, அதற்குள் வருகிற எதுவும் அந்நியம், அது சாப்பாடு கொண்டுவருகிற கையாக இருந்தாலும் சரி. இன்னொன்று, முசலுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னாலும் மேலாலும் வருவதெல்லாம் தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. நேரே முகத்துக்கு நீட்டுகிற கை அவளுக்குத் திடீரென்று முளைத்த ஒன்று. மேலிருந்து இறங்குகிற கை என்றால் பருந்துதான். இந்த வளவில் பருந்து வட்டமிடாத நாள் இல்லை, அவள் பயப்படாமல் என்ன செய்வாள்?

இன்று கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி இருந்தேன். தானாக வெளியே வந்து விறாந்தையில் ஓடத் தொடங்கிய பிறகுதான் கூட்டைத் துப்புரவாக்கினேன். உறுமவே இல்லை.

யூன் 10

கச்சான் காற்று அடிக்கிறது. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்க ஏலாது, வீட்டுக்கு வந்தால் ஓடு கொதிக்கிறது. முப்பது பாகையைத் தாண்டினாலே முசலுக்குக் கஷ்டம், வியர்க்கவும் மாட்டாது, சூட்டைக் காதாலேதான் விட வேண்டும். போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, பழைய சாரத்தால் சுற்றி இரண்டு கூட்டிலும் வைத்தேன். மற்ற முசல் மிளகு உடனே சாய்ந்து படுத்துக்கொண்டான். சீனி முதலில் போத்தலை இரண்டு அடி அடித்துப் பார்த்தாள், அப்புறம்தான் படுத்தாள்.

யூன் 11

தம்பியின் மகன் பேப்பரைச் சுருட்டி சீனியின் மூக்கில் அடித்துவிட்டான். "அடிச்சாத்தான் மாமி பயப்படும்" என்கிறான், ரியூசனில் யாரோ சொன்னார்களாம். பயம் ஏற்கெனவே இருப்பதால்தான் கடிக்கிறாள் மனே, அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் கடி கூடும் என்று பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். இரவு முழுக்க சீனி பின்னங்காலால் தரையில் அடித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்கிறது.

யூன் 13

கடிதம் இல்லை. கந்தோருக்குப் போன் எடுத்தால் அந்த மேசைக்காரர் லீவாம்.

யூன் 14

இரண்டையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். திடீரென்று குணம் மாறினால் முதலில் நோவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பல் பார்த்தார், முசலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும், ஒன்றுக்கொன்று சரியாகத் தேயாவிட்டால் கன்னத்தைக் குத்தும். பாதம் பார்த்தார், கம்பி வலையில் நின்று புண்ணாகியிருக்கலாம் என்று. இரண்டும் சுகம். பிறகு மிளகைத் திருப்பிப் பார்த்தார், ஆண். இதுவரை நான் பட்ட சந்தேகம் முடிந்தது. விற்றவர் இரண்டும் பொட்டை என்று சொல்லித்தான் தந்தவர், அந்தச் சின்ன வயதில் பிரித்தறிவதும் கஷ்டம்தான். மிளகு அவளைச் சுற்றிச் சுற்றி ஓடி மேலே ஏறத் தொடங்கிய 2ஆம் திகதியே வேறு கூட்டில் போட்டுவிட்டேன். ஆனாலும் அதற்குள்? வயிற்றைத் தடவிவிட்டு இப்போது சொல்ல முடியாது என்கிறார். முசலுக்குச் சினைக்காலம் கிட்டத்தட்ட 31 நாள்.

யூன் 15

அம்மாவிடம் சொல்லவில்லை.

யூன் 19

வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுகிறாள். நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி அடுக்குகிறாள். கிட்டப் போனால் உயிரே போகிற மாதிரிப் பாய்கிறாள், போகாமல் இருக்கிறேன். பொய்ச் சினையாகவும் இருக்கலாம், அதில் பதினாறு பதினெட்டு நாளில் இப்படிக் கூடு கட்டுமாம். மெய்யாகவே சினை என்றால் ஈனுகிற நேரத்தில்தான் மயிர் பிடுங்கும். 2ஆம் திகதியிலிருந்து கணக்குப் போட்டால் பொய்ச் சினைதான். ஆனால் அதற்கு முன்னம் நடந்திருந்தால் கணக்கு வேறு. மரப்பெட்டி ஒன்று அடித்து வைத்துவிட்டோம், எதுவானாலும் ஆகட்டும். கூட்டைக் கலைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

யூன் 20

புல் மட்டும் வாசலில் வைத்தேன். சாப்பிட்டாள்.

யூன் 24

கூட்டை விட்டுத் தானாக வந்துவிட்டாள். பெட்டிக்குள் மயிர் மட்டும். சந்தோசமா கவலையா என்று எனக்கே பிடிபடவில்லை.

யூலை 4

31 நாளும் போய்விட்டது, குட்டி இல்லை. இனி ஒப்பரேசன் பற்றித்தான் யோசனை. கர்ப்பப்பையை எடுக்காத பெண் முசல்களுக்கு வயது போகப் போக அதில் புற்றுநோய் வருவது சாதாரணம், கடிக்காகச் செய்யாவிட்டாலும் அதற்காகவாவது செய்ய வேண்டும். மிளகுக்கு இங்கேயே செய்யலாமாம், செய்த பிறகும் சில கிழமைக்கு விந்து இருக்கும் என்பதால் சேர்த்து விடக் கூடாது. சீனிக்குப் பேராதனை மிருக வைத்தியப் பீட ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள் என்கிறார் டொக்டர். இந்த வெக்கையில் பகல் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, வான் பிடிக்க வேண்டும். பட்டினி போட வேண்டியதில்லை, முசலுக்கு வாந்தி வராது, வயிறு வெறுமையாக இருந்தால்தான் ஆபத்து. "முசலுக்கு ஒப்பரேசனா!" என்று அம்மா தலையில் கைவைத்தா. வைக்கட்டும்.

யூலை 7

இன்று பக்கவாட்டில் இருந்து காதுக்குப் பின்னால் தடவினேன். தலையைத் தரையில் பதித்துக் காட்டினாள். நான் கையை எடுத்ததும் மூக்கால் தட்டி இன்னும் கேட்டாள்.

யூலை 9

கடிதம் வந்துவிட்டது. மாற்றம் திருக்கோவிலுக்கு. அங்கே வாடகை வீட்டுக்காரரிடம் முசல் இரண்டு இருக்கிறது, இப்போதைக்கு வேறு வேறு அறையில் வைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்.