சூளைக்கு வந்த மொய்

கார்த்திகைக்கு ஒன்பது நாள் இருந்தது. நாலாயிரம் அகலும் முப்பது சட்டியும் சூளைக்குள் அடுக்கிவிட்டு, ஒருநாள் மழை வெறித்தால் தீ வைத்துவிடலாம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வெறிக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வடக்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் அகலெல்லாம் கரைந்து, பிசைவதற்கு முன்னால் இருந்த களிமண்ணாகவே கிடந்தது. வேகாத மண் அப்படித்தான். எத்தனை நாள் வெயிலில் காய்ந்திருந்தாலும் தண்ணீரில் ஊறினால் கரைந்துவிடும். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்து, உடையாத செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்க ஆரம்பித்தார்.

வலங்கைமானுக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். ஆற்றின் பெயரிலேயே குடம் இருக்கிற இடம். மண்பாண்டம் செய்கிற நாலு வேளார் குடும்பத்துக்கும் அந்த ஒரே சூளைதான். என் மாமனாரின் அப்பா கட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இங்கே அடித்த காற்றில் சூளைக் கொட்டகையின் கீற்று முழுக்கப் போனது. தார்ப்பாயைக் கட்டிச் சமாளித்தோம். அடுத்த வருஷம் கீற்று போடலாம், அடுத்த வருஷம் போடலாம் என்று தள்ளியது எங்கள் தவறு. ஒவ்வொரு ஐப்பசியிலும் சுவர் ஈரம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நிவாரணம் கேட்டு மனு கொடுத்தோம். இடிந்தது வீடா, மாட்டுக் கொட்டகையா என்று கேட்டார்கள். சூளை என்றோம். அப்படி ஒன்றைப் பதிய வழியில்லை என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அன்று பட்ட வேதனை இன்னும் எனக்கு ஆறவில்லை. வீடு இடிந்தால் திண்ணையிலாவது படுத்துக்கொள்ளலாம். சூளை இடிந்தால் நாலு வீட்டில் உலை ஏறாது.

அந்தப் பொங்கலுக்கு ஊரே வெளியூர்ப் பானையில் பொங்கியது. சில வீடுகளில் பித்தளைப் பானை. காணும் பொங்கலன்று மாரியம்மன் கோயில் வாசலில் பேச்சு வந்தபோது, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பணமாக் கேட்டா ஆளாளுக்கு யோசிப்பாங்க தம்பி. அவங்ககிட்ட என்ன இருக்கோ அதைக் கேளு. மொய்யா எழுது. பானையாத் திருப்பிக் குடு" என்றார். பேரன் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு அவரே எழுதினார்: வாத்தியார் வீடு, செங்கல் இருநூறு.

எங்களுக்குக் கை நீட்டுவது கூச்சமாக இருந்தது உண்மை. மொய் என்றதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. மொய் வாங்குவது கடன். கடனைத் திருப்ப எங்களுக்குத் தெரியும். ரைஸ்மில்லில் இருந்து இருபது மூட்டை உமி வந்தது. சம்பா அறுப்பு முடிந்த நேரம் என்பதால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. காலனித் தெருப் பெண்கள் கூடை கூடையாக விராட்டி கொண்டுவந்து கொட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள் வாட்ஸப்பில் பேசிக்கொண்டு கொத்தனார் கூலிக்குப் பணம் அனுப்பினார்கள். ஒன்றுமே இல்லை என்ற ஒரு ஆயா, "நான் ரெண்டு நாள் மண்ணு மிதிக்கிறேன், எழுதிக்கோ" என்றது. அதுவும் நோட்டில் இருக்கிறது.

மாசி பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். முதலில் இடம். பக்கத்து வயலில் தண்ணீர் கட்டினால் பழைய சூளையின் தரையில் ஊறும். அதனால் இந்த முறை இரண்டடி மேடு எழுப்பினோம். மேட்டுக்குள் மணலும், அதற்கு மேல் ஒரு சாண் கனத்துக்கு ஓட்டாஞ்சில்லும் போட்டு நிரவினோம். ஓட்டாஞ்சில்லின் இடுக்கு பெரிது, ஈரம் ஏறி வராது. டெல்டாவில் சூளை கட்டுகிற யாராக இருந்தாலும் இந்த ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து சுவர்ச் சாந்து. கொத்தனார் அண்ணன் சிமெண்ட் வைத்துக் கட்டினால் நூறு வருஷம் நிற்கும் என்றார். அத்தை ஒப்பவே இல்லை. "தம்பி, சிமெண்டு வீட்டுக்கு. தீக்கு மண்ணுதான்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. நெருப்பில் சிமெண்ட் தன் பிடிமானத்தை இழந்து உதிர்ந்துபோகும். களிமண் சுடச்சுட இறுகும். களிமண்ணும் மணலும் சரிபாதி, அதில் பாதி அளவு உமி, கொஞ்சம் சாணம். ஐந்து நாள் ஊறவைத்து மிதித்தோம். உமி முதல் சூட்டிலேயே எரிந்து சுவருக்குள் பொடிப்பொடியாக ஓட்டை விடும். அந்த ஓட்டைகள்தான் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். சிமெண்ட் மேட்டின் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான். கொத்தனார் அண்ணனுக்கு முதலில் மனத்தாங்கல். மூன்றாம் நாள் அவரே இறங்கி மண் மிதித்தார்.

உள்ளே ஆறடி வட்டம், ஐந்தடி உயரம், முக்கால் அடி கனம். கீழே எதிரெதிராக இரண்டு தீவாய். அதற்கு மேல் வளைவு கட்டி, தீ ஏறுவதற்குக் கண் விட்ட தளம். வளைவு ஒருமுறை இறங்கிவிட்டது. ஈரம் காயும் முன்னே முட்டுக் கொடுத்த கட்டையை உருவிவிட்டோம். மறுபடி கட்டி, நாலு நாள் விட்டு எடுத்தோம். செங்கல்லில் பாதிக்குமேல் அத்தை அன்று அடுக்கிவைத்த பழைய கல்தான்.

மண் எடுக்க முன்பு நாங்கள் அலைந்த அலைச்சல் பெரிது. 2024-இல் இருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி, இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் இல்லை. சூளைக்கும் சட்டிக்கும் சேர்த்தே ஏரியில் எடுத்துக்கொண்டோம்.

கட்டி முடித்து இருபத்தொரு நாள் காயவிட்டோம். பிறகு வெறும் சூளையில் விராட்டி போட்டு மூன்று சாயங்காலம் இளந்தீ. அவசரப்பட்டால் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

சித்திரையில் முதல் சூளை. பெரிய பானைகள் அடியில், வாய் கவிழ்த்து. இடுக்கில் சட்டி, மூடி, அகல். மேலே ஓட்டாஞ்சில்லு பரப்பி, வைக்கோல் போட்டு, சேறு மெழுகி, புகை போக அங்கங்கே கண் விட்டோம். மத்தியானம் தீ மூட்டினோம். பொழுது சாயும்வரை புகைதான், சுவாலை கூடாது. அத்தை புகைக் கண்ணுக்கு நேராக எவர்சில்வர் தட்டைப் பிடித்துப் பார்ப்பார். தட்டு வேர்த்தால் மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு மணிக்குத் தட்டு வேர்க்கவில்லை. "ம், இப்ப போடு" என்றார். சீமைக் கருவேலமும் தென்னை மட்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஊர் பாதி அங்கேதான் இருந்தது. யாரோ சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள். நள்ளிரவு தாண்டி, கண் வழியாகப் பார்த்தால் உள்ளே பானையெல்லாம் பழுத்த நாவற்பழ நிறத்தில் இருந்து செம்பருத்தி நிறத்துக்கு வந்து, பிறகு பனம்பழச் சதை போல மஞ்சளும் சிவப்புமாக நின்றது. அத்தை கையைக் காட்டினார். தீவாயை அடைத்தோம்.

ஒன்றரை நாள் ஆறவிட்டுத் திறந்தோம். வடக்குப் பக்கம் அத்தனையும் நல்ல சிவப்பு. தெற்குப் பக்கம் அறுபது உருப்படி வரை மங்கலாக, தட்டினால் மண் சத்தம். தெற்கு வாயில் காற்று நேராக இறங்கித் தீயை வடக்கே தள்ளியிருக்கிறது. அடுத்த சூளைக்கு அந்த வாய்க்கு முன்னால் தகரத்தை மறைப்பாக நிறுத்தினோம். அந்தத் தடவை பத்துக்குக் குறைவாகத்தான் போனது.

முதல் சூளையில் தேறியது எதையும் சந்தைக்கு அனுப்பவில்லை. வாத்தியார் நோட்டை விரித்துவைத்துப் பேர் படிக்க, நானும் என் மகளும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரைஸ்மில்காரர் தொழிலாளர்கள் குடிக்க இரண்டு தண்ணீர்ப் பானை கேட்டார். சிங்கப்பூர்ப் பையன்கள் தங்கள் கணக்கை அம்மாக்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். மண் மிதித்த ஆயா ஒரு மீன்குழம்புச் சட்டியை எடுத்து, காதோரம் வைத்துச் சுண்டிப் பார்த்தது. கணீரென்றது. "இது எனக்கு" என்று முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனது.

நோட்டில் இன்னும் பதினேழு பேர் பாக்கி. கொட்டகைக்குக் கீற்று முடைந்து வைத்திருக்கிறோம்; ஆடி முடிவதற்குள் வேய்ந்துவிடுவோம்.